ஒன்றரை லட்சத்துக்குக் கையெழுத்துப் போடலாமா, வக்கீல் வைக்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கேட்டிருப்பவரின் தம்பிக்கு 34 வயது. டைல்ஸ் ஒட்டும் வேலை. நான்கு மாதம் முன்பு பைக்கில் போனபோது எதிரே வந்த கார் இடித்து, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவு 1,80,000 ரூபாய். கார்க்காரரின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்து, "மொத்தமாக ஒன்றரை லட்சம் தருகிறோம், கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்" என்கிறார். ஆஸ்பத்திரி வார்டிலேயே வந்து பார்த்த ஒருவர், தன் வக்கீல் மூலம் கேஸ் போட்டால் வருவதில் 30 சதவீதம் வேண்டும் என்கிறார். தம்பியின் லைசென்ஸ் காலாவதியாகியிருந்ததால் ஒன்றும் கிடைக்காது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். வக்கீல் வைப்பதா வேண்டாமா?

நான் இன்சூரன்ஸ் கம்பெனியின் விபத்து இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இந்த மாதிரி ஃபைல்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் தம்பி கேஸுக்கு வக்கீல் வேண்டும். அந்த ஒன்றரை லட்சத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வார்டுக்கு வந்த அந்த நபரிடமும் போகாதீர்கள். எல்லா விபத்துக்கும் வக்கீல் தேவை என்று நான் சொல்ல மாட்டேன். தேவைப்படாத இடங்களும் இருக்கின்றன, அதையும் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஒன்றரை லட்சம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்சூரன்ஸ் சம்பந்தப்பட்ட பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதில் 164-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், விபத்தில் இறந்தால் 5 லட்சம், கொடுங்காயம் என்றால் 2.5 லட்சம். யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். அதாவது யாரும் வாதாடாமல், தப்பு யாருடையது என்று பார்க்காமல், சட்டமே எழுதி வைத்திருக்கும் தொகை 2.5 லட்சம். உங்களிடம் போனில் சொன்னது அதைவிட ஒரு லட்சம் குறைவு. ஆஸ்பத்திரி பில்லுக்கே போதாது.

"சரி, அப்போ அந்த 2.5 லட்சத்தை வாங்கிக்கொண்டு, மீதிக்குக் கேஸ் போடலாமே" என்று தோன்றும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். 149-வது பிரிவின்படி இன்சூரன்ஸ் கம்பெனி நியமித்த அதிகாரி சமரசத் தொகை சொல்லி, 164-ன் கீழ் வரும் தொகையை நீங்கள் ஏற்றுக்கொண்டால், விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் நீங்கள் போட்ட மனு அதோடு காலாவதியாகிவிடும். 166-வது பிரிவிலேயே இது எழுதியிருக்கிறது. இரண்டில் ஒன்றுதான். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, 166-ன் கீழ் முழு இழப்பீடு கேட்டால் எவ்வளவு வரும் என்ற கணக்கை.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். வக்கீல் வேண்டுமா என்ற கேள்விக்கான விடையே அதில்தான் இருக்கிறது.

உங்கள் தம்பிக்கு மெடிக்கல் போர்டு, அதாவது ஊனத்தை அளந்து சான்று தரும் டாக்டர்கள் குழு, 30 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். நம்மூர் தீர்ப்பாயங்களில் இதைப் பணமாக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று சதவீதக் கணக்கு. ஒரு சதவீதத்துக்கு 3,000, 4,000, 5,000 என்று ஏதோ ஒரு தொகை வைத்துப் பெருக்குவது. 5,000 என்றே வைத்தாலும் ஒன்றரை லட்சம். இன்னொன்று பெருக்கி முறை. காயத்தால் சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, வயதுக்கு ஏற்ற பெருக்கியால் பெருக்குவது. பெருக்கி அட்டவணையை 2009-ல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது. 31 முதல் 35 வயது வரை 16. மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டால், வருடத்துக்கு 1,80,000, அதை 16-ஆல் பெருக்கினால் 28,80,000, அதில் 30 சதவீதம் 8,64,000. 40 வயதுக்குக் கீழே சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அது மரண வழக்கு என்றாலும், நிரந்தர ஊன வழக்குகளிலும் இதைச் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பிறகு சொல்லியிருக்கிறது. சேர்த்தால் 12,09,600 ரூபாய். இதற்கு மேல்தான் மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத மாதங்களின் வருமானம், வலி வேதனை, பிளேட் எடுக்கப்போகும் அடுத்த ஆபரேஷன் செலவு, மனு போட்ட நாளிலிருந்து வட்டி எல்லாம்.

அதே கால், அதே சான்று. ஒரு வழியில் ஒன்றரை லட்சம், இன்னொரு வழியில் பன்னிரண்டு லட்சம். எந்த வழி என்பதைத் தீர்மானிப்பது, இந்தக் காயம் இவருடைய தொழிலை நிரந்தரமாகப் பாதிக்கிறது என்று சாட்சியத்தோடு காட்டினார்களா இல்லையா என்பதுதான். 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: டாக்டர் சொல்லும் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் சக்தியில் ஏற்பட்ட இழப்பு வேறு. இடது கையை இழந்த ஓட்டுநருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போய்விடும். அரசாங்க குமாஸ்தாவுக்கு அதே இழப்பால் வேலை போகாமலிருக்கலாம். உங்கள் தம்பி டைல்ஸ் ஒட்டுபவர். நாள் முழுக்க குத்தவைத்தும் முட்டி போட்டும் செய்யும் வேலை. முழங்கால் மடங்காவிட்டால் அவருடைய தொழில் இழப்பு 30 சதவீதத்தில் நிற்காது. ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது: ஒரு காலுக்குச் சொன்ன சதவீதத்தை அப்படியே முழு உடம்புக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் பிடிப்பதும் இதைத்தான்: "30 சதவீதம் என்பது அந்தக் காலுக்கு மட்டும்தானே டாக்டர்?" டாக்டர் "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் கணக்கு பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ இறங்கிவிடும். அந்த நேரத்தில், "இந்தக் காலோடு இவரால் தரையில் உட்கார்ந்து வேலை செய்ய முடியுமா?" என்று டாக்டரிடம் மறு விசாரணையில் கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்த வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

வருமானமும் அதே மாதிரிதான். உங்கள் தம்பி மாதிரி கட்டட வேலை செய்பவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. 2014-ல் ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. காலை இழந்தவர். கையில் வருமானச் சான்று எதுவும் இல்லை. காய்கறி விற்பவர் மாதம் 6,500 சம்பாதிப்பார் என்று நம்புவதில் தவறில்லை என்று சொல்லி, தொழில் இழப்பை 85 சதவீதமாக உயர்த்தினார்கள். காகிதம் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. ஆனால் வேலை கொடுத்த இன்ஜினீயரையோ காண்ட்ராக்டரையோ சாட்சி சொல்ல வைப்பது, ஜிபே வரவுகளைக் காட்டுவது, தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் தாக்கல் செய்வது என்று யாராவது முனைந்து செய்தால்தான் அது நடக்கும்.

வக்கீல் எங்கே தேவை என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: பணத்தின் அளவு சாட்சியத்தால் கூடிக் குறையுமானால் வக்கீல் வேண்டும், தொகை ஏற்கெனவே காகிதத்தில் எழுதியிருக்கிறது என்றால் வேண்டாம்.

வேண்டாத இடங்களைச் சொல்கிறேன் என்றேன். சிராய்ப்பு, தையல், சில ஆயிரம் பில், பத்து நாள் லீவு, பிறகு பழையபடி வேலை என்றால், இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேசியோ மக்கள் நீதிமன்றத்திலோ நீங்களே முடித்துக்கொள்ளலாம். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியவில்லை என்றால், அதற்குத் தனித் திட்டம் இருக்கிறது. இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. வருவாய்த் துறையில் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அளவில் விசாரித்துக் கொடுப்பது. அதற்கு வக்கீலுக்குப் பணம் கொடுப்பது அநியாயம். தப்பு பெரும்பாலும் காயம்பட்டவர் பக்கமே என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தால், 164-ன் 2.5 லட்சத்தை வாங்கிக்கொண்டு நிற்பதுதான் புத்தி. சொந்த வண்டியில் தானே சறுக்கி விழுந்தவர் யார் மேலும் கேஸ் போட முடியாது. தன் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச விபத்துக் காப்பீடு இருக்கிறதா, அதில் எந்தெந்த ஊனம் அடங்கும் என்று பார்க்க வேண்டியதுதான்.

கட்டாயம் வேண்டிய இடங்கள்: உயிரிழப்பு, நிரந்தர ஊனம், தப்பு யார் மேல் என்ற சண்டை, எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாதது அல்லது ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாதது, பில்லியனில் உட்கார்ந்து போனவர் அந்த வண்டியின் பாலிசியிலேயே கேட்பது. அரசுப் பஸ் இடித்த கேஸையும் இதில் சேர்ப்பேன். தீர்ப்பு வந்த பிறகும் பணம் வராமல், நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் ஊழியரான அமீனா போய் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை ஜப்தி செய்த பிறகு பணம் கட்டிய செய்திகளை நாம் எல்லோருமே பேப்பரில் படித்திருக்கிறோம்.

லைசென்ஸ் விஷயம். காயம்பட்டவரிடம் லைசென்ஸ் இல்லை என்பது மட்டுமே அவர் தலையில் தப்பைப் போடக் காரணமாகாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்துக்கு அவருடைய ஓட்டுதல் காரணமா என்பதுதான் கேள்வி. பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டைக் குறைத்ததையும் 2020-ல் ரத்து செய்தார்கள். எதிர்த் தரப்பு இதை எடுத்து வைக்கத்தான் செய்யும். பதில் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று தேதி. திருத்தச் சட்டப்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது என்றாலும் அதை நம்பி உட்காராதீர்கள். போலீஸ் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது; அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் அதையும் நம்பக் கூடாது. நான்கு மாதம் முடிந்துவிட்டது. மனு போட விபத்து நடந்த ஊருக்கே போக வேண்டும் என்பதில்லை, தம்பி குடியிருக்கும் ஊர் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

இரண்டாவது, ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டின் (Accident Register) நகல். விபத்து கேஸ் என்று ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார்: யார் கூட்டி வந்தார்கள், எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது. எங்கள் ஆபீசில் ஃபைல் வந்ததும் முதலில் புரட்டும் காகிதம் அதுதான். பதற்றத்தில் தூக்கிக்கொண்டு ஓடும் யாரோ ஒருவர் "பைக்கிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லியிருப்பார். டாக்டர் அதை அப்படியே எழுதியிருப்பார். அப்புறம் எஃப்.ஐ.ஆரில் "கார் மோதியது" என்று இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் இன்சூரன்ஸ் கம்பெனி புலனாய்வாளரை அனுப்பும். எஃப்.ஐ.ஆர். சில நாள் தாமதம் என்றால் சந்தேகம் இன்னும் கூடும். எனவே வக்கீலைப் பார்க்கப் போகும் முன்பே ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., சம்பவ இடத்தின் வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.ஆரில் தப்பாக எழுதியிருந்தால் மறைக்காதீர்கள். முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். கூட்டிப் போனவரைச் சாட்சியாக விசாரித்து அதைச் சரிசெய்ய முடியும், ஆனால் குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் முடியாது.

இப்போது வார்டுக்கு வந்தவர் விஷயம். வக்கீல் தானாகவோ ஆள் வைத்தோ கேஸ் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், வரும் பணத்தில் பங்கு கேட்பதும் அதே விதிகளில் தடை. அமெரிக்காவில் சதவீதக் கட்டணம் சாதாரணம். இந்தியாவில் அது தொழில் ஒழுக்க மீறல். 2017-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு, கணவரை விபத்தில் இழந்த தெலங்கானாப் பெண் ஒருவருடையது. கட்டணம் கொடுத்த பிறகும், இழப்பீட்டுத் தொகையில் சதவீதம் என்று சொல்லி வக்கீல் மேலும் 3 லட்சத்துக்குச் செக் வாங்கி, அது திரும்பியதும் அந்தப் பெண் மேலேயே செக் வழக்குப் போட்டார். நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. சதவீத அடிப்படையில் கட்டணம் கேட்பது செல்லாது என்று எழுதியது. விதி இப்படி இருந்தும் நடைமுறையில் சதவீதம் பேசுவது ஊரெல்லாம் நடக்கிறது என்பதும் உண்மை. பாதிக்கப்பட்டவரின் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் புரோக்கரே வைத்துக்கொண்ட கேஸ்களை நான் பார்த்திருக்கிறேன். நடக்க முடியாமல் கிடக்கும் ஒருவரிடம் இப்படிச் செய்வதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் ஊர் கோர்ட்டில் விபத்து கேஸ், அதாவது எம்.சி.ஓ.பி., தொடர்ந்து நடத்துபவராக இருக்க வேண்டும். சொத்து வழக்கில் கெட்டிக்காரர் என்பது இதற்கு உதவாது. உட்கார்ந்து கேளுங்கள்: எங்கள் கேஸில் பெருக்கி முறை கேட்பீர்களா? சிகிச்சை கொடுத்த டாக்டரையே விசாரிப்பீர்களா? வருமானத்துக்கு யாரைச் சாட்சியாகப் போடலாம்? இந்த மூன்றுக்கும் உங்கள் தம்பியின் தொழிலை வைத்து பதில் சொன்னால் நல்ல ஆள். "20 லட்சம் வாங்கித் தருகிறேன்" என்று முதல் நாளே தொகை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டணத்தை ஒரே தொகையாகவோ, மனு போடும்போது இவ்வளவு, சாட்சி விசாரணையின்போது இவ்வளவு, தீர்ப்பின்போது இவ்வளவு என்றோ பேசி எழுதி வாங்குங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போடலாம், வெற்றுத் தாளிலும் வெற்றுச் செக்கிலும் போடவே கூடாது. இழப்பீடு நேரே உங்கள் தம்பியின் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். தீர்ப்பாயங்கள் அப்படியே செய்ய வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. பிடிக்காமல் போனால் வக்கீலை மாற்றலாம். கட்டண பாக்கி என்று சொல்லி ஃபைலைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை என்பது 2000-ல் வந்த தீர்ப்பு.

கையில் பணமே இல்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. தம்பிக்கு ஊனச் சான்று வந்துவிட்டால் அவரும் இதில் வரலாம், கேட்டுப் பாருங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுவதும் நல்ல வழிதான், கேஸ் சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே முடித்துக்கொண்டால் அப்பீல் கிடையாது. எனவே மெடிக்கல் போர்டு சான்று கையில் வந்து, மேலே போட்ட கணக்கை உங்கள் தம்பியின் எண்களோடு போட்டுப் பார்த்த பிறகு அங்கே உட்காருங்கள். பேரம் பேசும்போது கொஞ்சம் விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. பல வருடம் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு, குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். எதிலிருந்து விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கால் இன்னும் முழுதாகக் குணமாகவில்லை, பிளேட் எடுக்கவில்லை என்றால் இப்போதைக்கு எந்தத் தொகைக்கும் சம்மதிக்காதீர்கள். மனுவை மட்டும் நேரத்துக்குப் போட்டுவிடுங்கள், ஊனத்தை அளப்பது பிறகு நடக்கட்டும். இன்சூரன்ஸ்காரர் மறுபடி போன் செய்தால் சண்டை போட வேண்டாம். அவர் வேலையை அவர் செய்கிறார். "எவ்வளவு தருகிறீர்கள், எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் அனுப்புங்கள், எங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லி வையுங்கள்.